வைத்துக்கொள்வதா, விட்டுக்கொடுப்பதா?

கனடாவின் தலைநகரில் ஒரு ஹாக்கி வீரரைப் பற்றி எழுந்த வழக்கு

ஹாக்கி என்றதும் நம் நினைவுக்கு வருவன புல்தரையும், வளைந்த மட்டையும், தயான் சந்தின் பெயருமே ஆகும். கனடா நாட்டாருக்கோ ஹாக்கி என்பது பனிக்கட்டித் தரையில் ஆடும் ஆட்டம் ஒன்றே. நம் சங்கத்து அன்பர்கள் பலருடைய பிள்ளைகளும் உறவினரும் இன்று அந்நாட்டில் கல்வி பயில்கின்றனர்; தொழில் புரிகின்றனர். அவர்களோடு பேசும்போது குளிரைப் பற்றிய செய்திக்கு அடுத்தபடியாக வருவது பெரும்பாலும் இவ்வாட்டத்தைப் பற்றிய செய்திதான். ஆதலால் அவ்வாட்ட உலகில் நெடுங்காலம் வாதிக்கப்பட்ட ஒரு வழக்கை நம் அன்பர்களுக்கு எடுத்துரைப்பது பயனுடையதாகும்.

வழக்கு இதுதான். ஓர் அணியில் ஈடிணையற்ற தற்காப்பு வீரர் ஒருவர் இருக்கிறார். அவருடைய ஒப்பந்தம் முடியும் நாள் நெருங்குகிறது. அவர் கேட்கும் ஊதியம் பெரிது. அணியின் நிலையோ தாழ்ந்து கிடக்கிறது. கேட்டதைக் கொடுத்து அவரை நீண்ட காலத்திற்கு வைத்துக்கொள்வதா? அன்றி, அவருக்கு மதிப்பு இருக்கும்போதே வேறோர் அணிக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக இளம் வீரர்களைப் பெறுவதா? ஒட்டாவா நகரத்து மக்கள் 2018ஆம் ஆண்டில் இவ்வினாவை வீட்டிலும் தெருவிலும் அலுவலகத்திலும் வாதித்தனர். வழக்கின் நாயகர் சுவீடன் நாட்டினரான எரிக் கார்ல்சன். அணியின் பெயர் ஒட்டாவா செனட்டர்ஸ்.

ஆட்டமும் அதன் அமைப்பும்

முதலில் ஆட்டத்தைச் சிறிது அறிந்துகொள்வோம். 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உள்ள பனிக்கட்டித் தரை. பக்கத்திற்கு ஆறு பேர்: கோல் காவலர் ஒருவர், தற்காப்பு வீரர் இருவர், முன்னணி வீரர் மூவர். காலில் இரும்புத் தகடு பொருத்திய காலணி. கையில் நீண்ட மட்டை. பந்துக்குப் பதிலாகத் தட்டையான ரப்பர் வில்லை ஒன்று. அதனைப் பக் என்பர். ஆட்டம் 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக நடைபெறும். வேகம் மிகுதியாதலால் ஒருவர் தொடர்ந்து ஒரு நிமிடங்கூட ஆடுதல் அரிது. முக்கால் நிமிடம் ஆடுவார், வெளியேறி இளைப்பாறுவார், மீண்டும் இறங்குவார்.

தற்காப்பு வீரர் எனின், எதிரியைத் தடுத்து நிறுத்துவதே அவர் கடமை என்று நாம் எண்ணக்கூடும். பழங்காலத்தில் அவ்வாறுதான் இருந்தது. பாஸ்டன் அணியில் ஆடிய பாபி ஓர் என்பவர் 1960களின் இறுதியில் அந்த எண்ணத்தை மாற்றினார். பின்னாலிருந்து பக்கைத் தாமே எடுத்துக்கொண்டு எதிரியின் கோல் வரை சென்று தாக்கும் முறையை அவர் நிலைநாட்டினார். அதுமுதல், சிறந்த தற்காப்பு வீரர் என்பவர் அணியின் காவலராக மட்டுமன்றி, தாக்குதலின் தொடக்கமாகவும் விளங்குகிறார். ஆட்டத்தின் போக்கை நிர்ணயிப்பவர் அவரே. அத்தகையவர் ஒரு தலைமுறைக்குச் சிலரே தோன்றுவர். அவரை இழப்பது எளிதன்று. அவருக்கு ஈடானவரைத் தேடுவது அதனினும் எளிதன்று.

பணத்தின் சட்டம்

அணிகள் வீரர்களைப் பரிமாறிக்கொள்ளும் வழக்கம் நமக்குப் புதிதன்று. 2025 நவம்பரில் ரவீந்திர ஜடேஜா சென்னை கிரிக்கெட் அணியினின்று ராஜஸ்தான் அணிக்கும், சஞ்சு சாம்சன் அங்கிருந்து சென்னைக்கும் மாறியதை நாம் அறிவோம். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகிலும் அத்தகைய பரிமாற்றம் ஆண்டுதோறும் நிகழ்கிறது. ஆயினும் அங்குள்ள சில விதிகளை அறிந்தாலன்றி வழக்கின் முடிச்சு விளங்காது.

முதல் விதி சம்பள உச்சவரம்பு. முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் நேர்ந்த பிணக்கால் 2004-05ஆம் ஆண்டின் ஆட்டங்கள் முழுவதும் நடைபெறாமற்போயின. அதன் பின்னர் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, ஓர் அணி தன் வீரர் அனைவருக்கும் சேர்த்து ஓர் ஆண்டில் இவ்வளவுதான் ஊதியம் தரலாம் என்ற எல்லை வகுக்கப்பட்டது. 2018-19ஆம் ஆண்டில் அவ்வெல்லை 7 கோடியே 95 லட்சம் டாலர். செல்வந்தரான முதலாளியும் இதனை மீற இயலாது. ஒருவருக்கு மிகுதியாகக் கொடுத்தால் மற்றொருவருக்குக் குறைத்தே ஆகவேண்டும். குடும்ப வரவுசெலவு நடத்தும் எவருக்கும் இக்கணக்கு எளிதில் விளங்கும்.

இரண்டாம் விதி, வீரரின் விடுதலை. குறித்த வயதை அடைந்த வீரர், தம் ஒப்பந்தம் முடிந்ததும் விரும்பிய அணிக்குச் செல்லலாம். அவ்வாறு சென்றால் பழைய அணிக்கு ஈடாக ஒரு காசும் கிடைக்காது. மூன்றாம் விதி, புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை. ஆண்டுதோறும் இளைஞர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். தாழ்ந்த அணிகளுக்கு முன்னிடம் கிடைக்கும் வகையில் குலுக்கல் நடைபெறும். இந்தத் தேர்வு உரிமையையும் அணிகள் நாணயம்போல் கைமாற்றிக்கொள்ளலாம். இம்மூன்று விதிகளும் சேர்ந்துதான் வைத்துக்கொள்வதா, விட்டுக்கொடுப்பதா என்ற இக்கட்டை உண்டாக்குகின்றன.

கார்ல்சன் உயர்ந்த வரலாறு

எரிக் கார்ல்சன் 1990ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் பிறந்தவர். 2008ஆம் ஆண்டின் இளைஞர் தேர்வு ஒட்டாவா நகரத்திலேயே நடைபெற்றது. அதில் ஒட்டாவா அணி அவரை 15ஆம் இடத்தில் தேர்ந்தெடுத்தது. மெலிந்த உடல்வாகு கொண்ட அவ்விளைஞர் இவ்வளவு உயரம் செல்வார் என்று எதிர்பார்த்தவர் சிலரே. 2011-12ஆம் ஆண்டில் அவர் 78 புள்ளிகள் பெற்றார். கோல் அடித்தவருக்கும், அக்கோலுக்கு வழிசெய்து கொடுத்தவருக்கும் தலைக்கு ஒரு புள்ளி என்பது அங்குள்ள கணக்கு. அவ்வாண்டில் அவருக்கு அடுத்து நின்ற தற்காப்பு வீரர்கள் அவரினும் 25 புள்ளிகள் பின்தங்கியிருந்தனர் என்றால் அவருடைய ஆற்றலை உணரலாம். சிறந்த தற்காப்பு வீரருக்கான நாரிஸ் விருது 22ஆம் வயதில் அவரை வந்தடைந்தது. ஆண்டொன்றுக்கு 65 லட்சம் டாலர் வீதம் ஏழாண்டுகளுக்கு அணி அவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டது.

2013 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க் அணியோடு ஆடும்போது எதிரணியினர் ஒருவரின் காலணித் தகடு பட்டு அவருடைய குதிகால் நரம்பு பெரும்பகுதி அறுந்துபோயிற்று. ஆட்டவாழ்வு குலைந்ததோ என்று பலர் அஞ்சினர். சுமார் பத்து வாரங்களில் அவர் திரும்பி வந்து ஆடினார். 2014இல் அணியின் தலைவரானார். 2015இல் மீண்டும் நாரிஸ் விருது பெற்றார். 2015-16ஆம் ஆண்டில் ஓர் ஆட்டத்திற்குச் சராசரியாக ஏறத்தாழ 29 நிமிடங்கள் அவர் களத்தில் இருந்தார். 60 நிமிட ஆட்டத்தில் ஏறக்குறையப் பாதி!

2017ஆம் ஆண்டு வசந்தத்தில் நடைபெற்ற கோப்பைச் சுற்றுக்களே அவர் புகழின் சிகரம். குதிகாலில் மயிரிழை முறிவுகளோடு அவர் ஆடினார் என்பது பின்னரே வெளிவந்தது. பாஸ்டன் அணிக்கு எதிராக அவர் தம் எல்லைக்குள்ளிருந்தே பக்கை உயரத் தூக்கி, எதிரிகளின் தலைக்கு மேலாக அனுப்பி, தொலைவில் ஓடிக்கொண்டிருந்த மைக் ஹாஃப்மன் முன் விழச்செய்து கோலாக்கிய காட்சியை அந்நகரத்தார் மறக்கவில்லை. பாஸ்டனையும் நியூயார்க்கையும் வென்ற ஒட்டாவா, பிட்ஸ்பர்க்கோடு ஏழாவது ஆட்டம் வரை போராடியது. அவ்வேழாவது ஆட்டமும் சமநிலையில் நின்று, இரண்டாவது மிகைநேரத்தில் ஒரே கோலால் முடிவுற்றது. இறுதிப் போட்டியின் வாயிலில் நின்று ஒட்டாவா திரும்பியது. 19 ஆட்டங்களில் 18 புள்ளிகள் பெற்றிருந்தார் கார்ல்சன்.

சரிவு

அடுத்த ஆண்டு நேர்ந்தது பெருஞ்சரிவு. 31 அணிகளுள் 30ஆம் இடம். கார்ல்சன் கோடையில் கணுக்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வந்து ஆடினார். 71 ஆட்டங்களில் 62 புள்ளிகள் பெற்றார். அவராலும் அணியைத் தூக்கி நிறுத்த இயலவில்லை.

அணியின் நிருவாகம் அப்போது செய்தவற்றை நினைத்தால் வியப்பே மிஞ்சும். 2017 நவம்பரில், கோப்பைக்கு அருகில் நிற்கும் அணி தமது என்று எண்ணி, மாட் டுஷேன் என்ற முன்னணி வீரருக்காக வருங்காலத் தேர்வு உரிமைகளைக் கொலராடோ அணிக்கு வாரிக்கொடுத்தனர். ஒரு மாதம் செல்வதற்குள் அணி வரிசையின் அடிக்கு இறங்கிற்று. டிசம்பரில், வருவாய் போதாவிடின் அணியை வேறு நகரத்துக்குக் கொண்டுபோகவும் கூடும் என்னும் பொருள்படப் பேசினார் உரிமையாளர் யூஜின் மெல்னிக். அரங்கின் மேல்தளத்து இருக்கைகளில் ஒரு பகுதியைத் துணியிட்டு மூடியிருந்தனர். சினமுற்ற ரசிகர்கள் தம்முள் பணம் திரட்டி, உரிமையாளர் விலகவேண்டும் என்று தெருவோரங்களில் விளம்பரப் பலகைகள் நாட்டினர்.

அதே குளிர்காலத்தில்தான் கார்ல்சன், அடுத்த ஒப்பந்தத்தில் தம் மதிப்புக்கு உரியதைக் குறைக்காமற் பெறப்போவதாக வெளிப்படையாகக் கூறினார். அதில் குற்றம் காண இடமில்லை. ஆறாண்டுகள் சந்தை விலைக்கும் குறைவாக ஆடியவர் அவர். ஆட்டக்காரரின் தொழில் வாழ்வு குறுகியது. இரண்டு கால்களே அவருடைய மூலதனம். அக்கால்களில் எத்தனை முறிவு, எத்தனை தையல் என்பதை அவரே அறிவார்.

இரு தரப்பு வாதங்கள்

வைத்துக்கொள்ளவேண்டும் என்றவர்களின் வாதம் வலிவுடையது. இத்தகைய வீரர் மீண்டும் கிடைப்பது அரிது. பரிமாற்றத்தில் நான்கு பேர் வந்தாலும் நால்வரும் சேர்ந்து ஒரு கார்ல்சன் ஆகமாட்டார்கள். களத்தில் ஒரு நேரத்தில் இறங்குவோர் அறுவரே ஆதலால், ஒருவரின் மேன்மையைப் பலரின் எண்ணிக்கையால் ஈடுசெய்ய இயலாது. அன்றியும், அணி என்பது கோப்பைக்கு மட்டும் உரியதன்று, நகரத்துக்கு உரியது. சிறுவர்கள் 65 என்ற அவருடைய எண் பொறித்த சட்டையை அணிந்து திரிந்தனர். ஏற்கெனவே 17 ஆண்டுகள் ஆடிய டேனியல் ஆல்பிரட்சன் என்ற தலைவர், ஊதியப் பேச்சில் மனம் முறிந்து, 2013இல் டெட்ராய்ட் அணிக்குச் சென்றுவிட்டார். அடுத்து வந்த தலைவர் ஜேசன் ஸ்பெசாவும் ஓராண்டில் டாலஸுக்கு அனுப்பப்பட்டார். மூன்றாமவரும் போவாரானால், இவ்வணியில் அன்பு வைப்பது வீண் என்று மக்கள் எண்ணமாட்டார்களா?

விட்டுக்கொடுக்கவேண்டும் என்றவர்களின் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. புதிய ஒப்பந்தம் தொடங்கும்போது கார்ல்சனுக்கு வயது 29; எட்டாண்டு கழித்து முடியும்போது 37. ஊதியம் தருவது இறந்தகாலப் புகழுக்கா, எதிர்கால ஆட்டத்திற்கா? அணி மீண்டும் தலையெடுக்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் என்றால், அந்நாளில் அவருடைய கால்கள் இன்றுபோல் இருக்குமா? சம்பள எல்லையில் ஏழில் ஒரு பங்கை ஒருவருக்கே கொடுத்துவிட்டால், அவருக்குத் துணை நிற்பவர்களை எதைக்கொண்டு அமர்த்துவது? இன்னும் ஓராண்டு காத்திருந்தால் அவர் ஈடின்றிப் போய்விடுவார் என்பது எல்லாவற்றினும் பெரிய அச்சம்.

ஒரே கோடையில் மூன்று வழிகள்

2018ஆம் ஆண்டு கோடை இவ்வழக்கை ஆராய்வோருக்கு ஒரு சோதனைச்சாலை போன்றது. ஒரே காலத்தில் மூன்று அணிகள் மூன்று வழிகளில் சென்றன.

நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி தன் தலைவர் ஜான் தவாரெஸ் தங்கிவிடுவார் என்று நம்பி அவரைப் பரிமாறாமல் வைத்திருந்தது. அவர் தற்காப்பு வீரர் அல்லர், முன்னணி வீரர். ஆயினும் இக்கட்டு ஒன்றே. ஜூலை 1ஆம் நாள் அவர் டொராண்டோவுக்குச் சென்றார். ஐலண்டர்ஸுக்கு ஈடாகக் கிடைத்தது ஒன்றுமில்லை. வியப்பு என்னவெனில், அடுத்த ஆண்டில் அவ்வணி 103 புள்ளிகள் பெற்று உயர்ந்ததோடு, கோப்பைச் சுற்றில் பிட்ஸ்பர்க்கை நான்கு ஆட்டங்களிலும் வென்றது.

லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் அணி மற்றொரு வழியில் சென்றது. கார்ல்சன் தேர்ந்தெடுக்கப்பட்ட அதே 2008இல் இரண்டாம் இடத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ட்ரூ டவுட்டி. 2012, 2014 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அவ்வணி கோப்பை வென்றபோது தற்காப்பின் தூணாக நின்றவர் அவர். அவருக்கு ஆண்டுக்கு 1 கோடியே 10 லட்சம் டாலர் வீதம் எட்டாண்டு ஒப்பந்தம் அளித்து வைத்துக்கொண்டனர். அடுத்த மூன்று ஆண்டுகள் அவ்வணி கோப்பைச் சுற்றுக்குத் தகுதி பெறவில்லை. 2022 முதல் 2025 வரை ஆண்டுதோறும் தகுதி பெற்று, நான்கு முறையும் முதற்சுற்றிலேயே எட்மண்டனிடம் தோற்றது. எனினும் அந்நகரத்தார் தம் வீரர் தம்மோடிருக்கக் கண்டனர். அதுவும் ஒரு பேறுதான்.

மூன்றாவது வழி ஒட்டாவாவினுடையது. புதிய ஒப்பந்தப் பேச்சு பலிக்கவில்லை. 2018 செப்டம்பர் 13ஆம் நாள் கார்ல்சனைக் கலிபோர்னியாவின் சான் ஹோசே அணிக்குக் கொடுத்தனர். ஈடாக வந்தவர்கள் கிறிஸ் டியர்னி, டிலன் டெமெலோ, ஜாஷ் நாரிஸ், ருடால்ப்ஸ் பால்செர்ஸ் ஆகியோர். அவர்களோடு தேர்வு உரிமைகள் சில. அவற்றுள் 2020ஆம் ஆண்டின் முதற்சுற்று உரிமையும் ஒன்று. இவ்வளவு பெரிய வீரருக்கு இவ்வளவுதானா என்று நகரம் நொந்துகொண்டது.

பின்னர் விளைந்தவை

சான் ஹோசே முதலாண்டில் பயன் கண்டது. 2019இல் மேற்குப் பிரிவின் இறுதி வரை சென்றது. அவ்வாண்டு ஜூனில் கார்ல்சனுக்கு எட்டாண்டுகளுக்கு 9 கோடியே 20 லட்சம் டாலர் ஒப்பந்தம் அளித்தது. அதே கோடையில் அவ்வணியின் தலைவர் ஜோ பாவெல்ஸ்கி டாலஸ் அணிக்குச் சென்றார். உச்சவரம்பின் கத்தி இவ்வாறுதான் வெட்டும். ஒருவரை வைத்துக்கொண்டால் ஒருவர் போவார். அதன்பின் சான் ஹோசே சரியத் தொடங்கியது. 2019-20இல் மேற்குப் பிரிவின் கடைசியிடத்தை அடைந்தது.

அச்சரிவுதான் ஒட்டாவாவுக்கு வாய்ப்பாயிற்று. சான் ஹோசேயிடமிருந்து வாங்கிய 2020 முதற்சுற்று உரிமை, குலுக்கலில் மூன்றாம் இடமாக வந்தது. அவ்விடத்தில் ஒட்டாவா தேர்ந்தெடுத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த டிம் ஸ்டூட்ஸ்லே. தன் சொந்த உரிமையான ஐந்தாம் இடத்தில் ஜேக் சாண்டர்சன் என்ற தற்காப்பு வீரரை எடுத்தது. 2022-23இல் ஸ்டூட்ஸ்லே 39 கோல்களோடு 90 புள்ளிகள் பெற்றார். ஜாஷ் நாரிஸ் 2021-22இல் 35 கோல்கள் அடித்தார். பின்னர் 2025 மார்ச்சில் அவரைப் பஃபலோ அணிக்குக் கொடுத்து டிலன் கோசென்ஸைப் பெற்றனர். 2025இல், எட்டாண்டு இடைவெளிக்குப் பின், ஒட்டாவா கோப்பைச் சுற்றில் கால்வைத்தது. முதற்சுற்றில் டொராண்டோவிடம் ஆறு ஆட்டங்களில் தோற்றது.

கார்ல்சனின் கதையோ மேலும் சிந்திக்கத்தக்கது. 2022-23ஆம் ஆண்டில் அவர் 101 புள்ளிகள் பெற்றார். 1991-92இல் பிரையன் லீச் பெற்றதற்குப் பின், முப்பதாண்டுகளுக்கு மேலாக எந்தத் தற்காப்பு வீரரும் 100 புள்ளிகளைத் தொட்டதில்லை. மூன்றாவது முறையாக நாரிஸ் விருதும் கிடைத்தது. ஆனால் அவ்வாண்டில் அவருடைய அணி 32 அணிகளுள் கடைசி நான்கில் ஒன்றாகக் கிடந்தது! தனிமரம் தோப்பாகாது என்ற நம் பழமொழிக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. 2023 ஆகஸ்டில் அவரைப் பிட்ஸ்பர்க் அணிக்குக் கொடுத்தனர். அவருடைய ஊதியத்தில் ஆண்டுக்கு 15 லட்சம் டாலரைச் சான் ஹோசேயே தொடர்ந்து ஏற்கவேண்டியதாயிற்று. அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் பிட்ஸ்பர்க் கோப்பைச் சுற்றுக்குச் செல்லவில்லை.

தீர்ப்பு யாது?

இனி நம் கருத்தைக் கூறுவோம். ஒட்டாவா அவரை விட்டது சரி. விட்ட விதம் தவறு.

விட்டது சரி என்பதற்கு, ஸ்டூட்ஸ்லே கிடைத்ததைக் காரணமாகக் காட்டுதல் நேர்மையாகாது. பரிமாற்றம் நிகழ்ந்த நாளில் சான் ஹோசே வலிமைமிக்க அணி. அதன் தேர்வு உரிமை மூன்றாம் இடமாக வரும் என்று எவரும் கனவு காணவில்லை. அது நற்பேறு. நற்பேற்றை நல்லறிவு என்று கொள்ளுதல் ஆகாது. உண்மைக் காரணம் வேறு. 2018இல் ஒட்டாவாவிடம் கார்ல்சனைச் சுற்றி நிறுத்துவதற்கு ஓர் அணி இல்லை. அவருடைய நல்ல ஆண்டுகளுக்குள் அதனைக் கட்டியெழுப்பவும் வழியில்லை. அடுத்த ஆண்டில் அவ்வணி கடைசியிடமே பெற்றது. மீண்டும் தலைதூக்கிய 2025இல் கார்ல்சனுக்கு வயது 35ஐ எட்டிக்கொண்டிருந்தது. 101 புள்ளிகள் பெற்றும் ஓர் அணியைக் கடைசி நான்கினின்று மேலேற்ற இயலாதவரை, ஒட்டாவாவில் வைத்திருந்தால் மட்டும் அது கைகூடியிருக்குமா?

விட்ட விதம் தவறு என்பதற்குச் சான்று, அதற்கு முந்திய பத்து மாதங்கள். நவம்பரில் வருங்காலத்தை விற்று நிகழ்காலத்தை வாங்கினர். செப்டம்பரில் நிகழ்காலத்தை விற்று வருங்காலத்தை வாங்கினர். டுஷேனுக்காகக் கொடுத்த உரிமை 2019இல் நான்காம் இடமாக வந்தது. அதனைக்கொண்டு கொலராடோ எடுத்த போவன் பைரம், 2022இல் அவ்வணியோடு கோப்பையை ஏந்தினார். டுஷேனோ 2019 பிப்ரவரியிலேயே வேறு அணிக்குப் போய்விட்டார். ஒரு வழியில் செல்வதென்று துணிந்தவர் அவ்வழியிலேயே செல்லவேண்டும். இரண்டு வழியிலும் ஒவ்வோர் அடி வைத்தவர் நின்ற இடத்திலேயே நிற்பர். பிப்ரவரியில், கார்ல்சனின் ஒப்பந்தத்தில் இன்னும் ஓராண்டுக்கு மேல் எஞ்சியிருந்தபோது, பரிமாற்றக் காலம் முடிவதற்குள் அவர்கள் துணியவில்லை. செப்டம்பரில், ஓராண்டே எஞ்சி, அவர் தங்கமாட்டார் என்று உலகறிந்த பின், விலை பேசினர். சந்தையில் தன் இக்கட்டை வெளிக்காட்டி விற்பவனுக்கு நல்ல விலை கிடைப்பதில்லை.

மக்களிடம் உண்மையை உரைக்காமை அதனினும் பெரிய தவறு. வறியோம், ஐந்தாண்டுகள் பொறுத்திருங்கள் என்று முதலிலேயே கூறியிருந்தால், நகரம் வருந்தியிருக்கும், வெறுத்திருக்காது.

பிரியும் முறை

பிரிவதிலும் ஒரு நெறி உண்டு. ரே பொர்க் என்ற தற்காப்பு வீரர் 1979 முதல் பாஸ்டன் அணியில் ஆடினார். நாரிஸ் விருதை ஐந்து முறை பெற்றார். கோப்பை மட்டும் கிட்டவில்லை. 2000ஆம் ஆண்டில் அணி தளர்ந்திருந்தது. அவருக்கு 39 வயது. கோப்பைக்கு வாய்ப்புள்ள அணிக்கு அனுப்புமாறு அவரே வேண்டினார். மார்ச்சில் பாஸ்டன் அவரைக் கொலராடோவுக்கு அனுப்பியது. 2001 ஜூனில் கொலராடோ கோப்பை வென்றது. மரபுப்படி முதலில் அதனை உயர்த்தவேண்டிய தலைவர் ஜோ சாகிக், தாம் உயர்த்தாமல் பொர்க்கின் கையில் கொடுத்தார். சில நாட்களில் பொர்க் அக்கோப்பையைப் பாஸ்டன் நகரமன்றத் திடலுக்கே கொண்டுவந்தார். வேறோர் ஊர் வென்ற கோப்பையைக் காண ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து வாழ்த்தினர். விட்டுக்கொடுத்தலும் அன்பின் ஒரு வடிவம் என்பதற்கு இது சான்று.

அதே பாஸ்டனில் பாபி ஓர் பிரிந்ததோ கசப்பான கதை. எட்டு ஆண்டுகள் தொடர்ந்து நாரிஸ் விருது பெற்ற அவர், முழங்கால் நோயோடு 1976இல் சிகாகோவுக்குச் சென்றார். பாஸ்டன் அணி தன் உரிமையில் 18.5 விழுக்காட்டை அவருக்கு அளிக்க முன்வந்ததை, அவருடைய முகவர் ஆலன் ஈகிள்சன் அவருக்குத் தெரிவிக்கவேயில்லை. ஓர் சிகாகோவில் ஆடியவை 26 ஆட்டங்களே. ஈகிள்சன் பிற்காலத்தில் மோசடிக் குற்றங்களை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார். பேச்சுவார்த்தையில் உண்மை மறைந்தால் இரு தரப்பும் இழக்கும் என்பதை இது உணர்த்துகிறது.

இவ்வழக்கு ஓய்ந்துவிடவில்லை. 2025 டிசம்பரில் வான்கூவர் அணி, தன் தலைவரும் 2024ஆம் ஆண்டின் நாரிஸ் விருது பெற்றவருமான க்வின் ஹியூஸை மினசோட்டா அணிக்குக் கொடுத்து, மூன்று இளம் வீரர்களையும் ஒரு முதற்சுற்று உரிமையையும் பெற்றது. அவருடைய ஒப்பந்தத்தில் ஓராண்டுக்கு மேல் எஞ்சியிருந்தது. ஒட்டாவா காலம் கடத்தியதை வான்கூவர் செய்யவில்லை என்ற மட்டில் அதனைப் பாராட்டலாம். பலனைக் கூற இன்னும் பல ஆண்டுகள் செல்லும்.

ஆகவே இத்தகைய இக்கட்டில் நிற்கும் அணி தன்னைத்தான் கேட்டுக்கொள்ளவேண்டிய வினாக்கள் மூன்று. இவ்வீரரின் நல்ல ஆண்டுகளுக்குள் நம் அணி வெல்லும் நிலையை அடையுமா? அவருக்குக் கொடுத்தது போக எஞ்சும் பொருளில் அவருக்குத் துணை அமர்த்த முடியுமா? நம் எண்ணத்தை அவரிடமும் மக்களிடமும் ஒளிக்காமல் கூறிவிட்டோமா? முதலிரண்டுக்கும் ஆம் என்றால், கேட்டதைக் கொடுத்து வைத்துக்கொள்க. இல்லை என்றால், காலந்தாழ்த்தாமல் மனமுவந்து அனுப்புக. மூன்றாம் வினாவுக்கு மட்டும் எக்காலத்தும் விடை ஆம் என்றே இருத்தல் வேண்டும். வீரர் போவார், வேறொருவர் வருவார். மக்களின் நம்பிக்கை போனால் அதற்கு ஈடாக எந்த அணியும் எதையும் தருவதில்லை.